மருத்துவமனைக்கு அப்பால்

போரிலே கால் வழங்காதுபோன இளைஞனின் உயிரை மருத்துவர் காத்துவிடுகிறார். அதன்பின் அவன் எதைக்கொண்டு வாழ்வது? அமெரிக்காவிலே இல்லினாய்ப் பல்கலைக்கழகம் 1948 இல் இவ்வினாவை எதிர்கொண்டது. அதன் கேல்ஸ்பர்க் வளாகத்தில், சக்கர நாற்காலி மாணவர்க்கெனத் திமோதி நூஜென்ற் என்பார் ஒரு திட்டத்தைத் தொடக்கினார். மறுவருடமே அவ்வளாகம் மூடப்பட்டது. மாணவர் சோர்ந்தாரல்லர், போராடி அர்பானாப் பெருவளாகத்திலே இடம் பெற்றனர். நாளடைவிற் கட்டடங்களுக்குச் சாய்தளங்கள் அமைந்தன; நாற்காலியோடு ஏற்றிச்செல்லும் பேருந்துகளும் ஓடின.

இத்தகையோருக்கு வழிகாட்டுவோரைப் பயிற்றுவது யார்? 1954 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதற்கென அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் வழங்கிற்று. புனர்வாழ்வு ஆலோசனை ஒரு முதுமாணிப் படிப்பாகத் தழைத்தது அதன் பின்னரே. உளவியல், நோய்களின் இயல்பு, தொழில்களின் தன்மை யாவும் அதில் அடங்கும். ஆயினும் நாம் மெச்சுவது இன்று அதிற் கட்டாயமாயுள்ள 600 மணிநேரக் களப்பயிற்சியையே. கையிழந்த தச்சனிடம் வேறு தொழில் பார் என்று சொல்ல எவராலும் முடியும். அவனிடம் எஞ்சிய திறன் யாது, அதனை எந்த முதலாளி ஏற்பான் என்றறிய நூலறிவு மட்டும் போதுமோ?

இயன் மருத்துவம் பயில்வோர் அங்கு இன்று கலாநிதிப் பட்டம் பெற்றே தொழிலிற் புகுகின்றனர். முதற்பட்டத்தின்மேல் ஏறத்தாழ மூன்றாண்டு! வசதியற்ற மாணவர்க்கு அது பெருஞ்சுமை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.