கரப்பானும் களிம்பும்

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து, சொரசொரப்பாகி, நீர் கசிந்து பொருக்குத் தட்டுவதை நம் வீட்டு முதியோர் கரப்பான் என்பர்; மேனாட்டு மருத்துவர் எக்சிமா என்பர். பின்னது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். கொதித்துப் பொங்குதல் என்பது அதன் பொருள். நோயுற்ற கன்னத்தை ஒருமுறை கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். மாணவர்களாகிய உங்களிற் பலர் வீட்டில் தொட்டிற் குழந்தை இருத்தல் கூடும். ஆதலின் இந்நோய்க்குப் பூசும் எளிய களிம்புகளைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். உயிரிழந்து தட்டையான உயிரணுக்களே செங்கல். அவற்றினிடையே நிரம்பியுள்ள கொழுப்பே சாந்து. உள்ளிருக்கும் நீர் ஆவியாகாமலும், வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உட்புகாமலும் காப்பது இச்சுவரின் தொழில். கரப்பானுற்ற குழந்தைக்கு இச்சுவர் பழுதுபட்டிருக்கின்றது. ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் குறையுள்ளோர்க்கு இந்நோய் மிகுதியாக வருகின்றது என்பதை, 2006ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர் பிறநாட்டு அறிஞருடன் சேர்ந்து கண்டறிந்தனர். அப்புரதம் சுவருக்கு உறுதி தருவதுடன், சிதைந்தபின் நீரைப் பற்றிவைக்கும் பொருள்களாகவும் மாறுகின்றது. அது குறைந்தால் தோல் வறளும்; வறண்ட தோல் அரிக்கும்; அரித்தால் குழந்தை சொறியும்; சொறிந்தால் சுவரில் மேலும் விரிசல் காணும். இரவெல்லாம் இச்சுழற்சி நடைபெறுவதால் குழந்தைக்கும் உறக்கமில்லை, தாய்க்கும் உறக்கமில்லை. வியப்பான செய்தி ஒன்று: முகத்திலும் கைகால்களிலும் பரவும் இக்கரப்பான், அரைத்துணி கட்டும் இடத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. அவ்விடம் ஈரம் மாறாதிருப்பதும், பிஞ்சு விரல்கள் அங்கே எட்டாதிருப்பதும் காரணம் என்பர்.

நம் நாட்டில் இந்நோயைப் பற்றி எழும் முதற் கேள்வி, ‘தாய் என்ன உண்டாள்?’ என்பதே. கத்தரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது பழைய வழக்கம். பால் கொடுக்கும் இளந்தாய் ஒருத்தி மூன்று திங்களாக மிளகு ரசமும் சோறுமே உண்டு மெலிந்திருந்ததை நான் நேரிற் கண்டிருக்கின்றேன். குழந்தையின் கன்னமோ அப்படியே இருந்தது. பால், முட்டை போன்றவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்குவது மெய்யே. எனினும் அதனை ஆராய்ந்து துணிதல் மருத்துவர் கடன். சுற்றத்தார் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

இனி, களிம்பு செய்வது யாது? பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வாசலினுக்கு அமெரிக்கரான ராபர்ட் செஸ்ப்ரோ 1872இல் காப்புரிமை பெற்றார். அதில் மருந்து ஒன்றுமில்லை. பாத்திரத்திற்கு மூடி இட்டாற்போல் தோலின்மேற் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றது, அவ்வளவே. கிளிசரின் போன்றவை நீரை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. நீர் மிகுந்த லோஷன், நீரும் நெய்ப்பும் கலந்த கிரீம், ஏறக்குறைய முழுதும் நெய்ப்பேயான களிம்பு எனக் கடைகளிற் பல வகை உண்டு. எது சிறந்தது? பிரிட்டனில் 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கனையும் பகிர்ந்தளித்துச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். நோயைத் தணிப்பதில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே குழந்தையின் தோல் எதனை ஏற்கின்றதோ, வீட்டார் எதனை நாள்தோறும் சலிப்பின்றிப் பூசுவரோ, அதுவே ஏற்றது. மணமூட்டியது மட்டும் ஆகாது. விலை மிகுந்தது என்பதற்காக ஒன்றை நாடவும் வேண்டா.

வெதுவெதுப்பான நீரிற் சில நிமிடங்களே குளிப்பாட்டி, துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் பூசிவிடுதல் நலம். அழுத்தித் தேய்க்காமல், மயிர் சாயும் திசையில் தடவுதல் வேண்டும். உடல் முழுதும் பரவிய நோய்க்கு வாரத்திற்கு 250 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும் என்றால் பலர் திகைப்பர். நாமோ பொட்டிடுவதுபோல் விரல் நுனியால் தொட்டுவைத்துவிட்டுப் பயனில்லை என்கிறோம். டப்பாவிற் கைவிடாமல் தூய கரண்டியால் எடுத்தால் கிருமி சேராது. சோப்பு காரத்தன்மையுடையது, தோல் சிறிது அமிலத்தன்மையுடையது, இரண்டும் ஒத்துவாரா. பயற்றமாவு தேய்க்கும் வழக்கத்தையும் இக்குழந்தைகள் மட்டில் விட்டுவிடலாம். மாவின் சொரசொரப்பு புண்ணைக் கிளறும் என்பது ஒன்று. பழுதுற்ற தோலின் வழியே உணவுப்பொருள் புகுந்தால் அதற்கே ஒவ்வாமை தோன்றக்கூடும் என்பது மற்றொன்று. வேர்க்கடலை எண்ணெய் சேர்ந்த பூச்சுகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பிருப்பதை 2003இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஆலிவ் எண்ணெய் தோற்சுவரைத் தளர்த்துவதும் பின்னர்த் தெரியவந்தது. நம் தேங்காயெண்ணெய்க்கு அப்பழி இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் நோயுற்ற குழந்தைகளுக்கு அதனைப் பூசி நற்பயன் கண்டதாக 2014இல் எழுதியுள்ளனர்.

பிறந்த நாள் முதலே பூசிவந்தால் கரப்பான் வாராமலே தடுக்கலாமன்றோ என நீங்கள் வினவலாம். அறிஞரும் அவ்வாறே எண்ணினர். குடும்பத்தில் ஒவ்வாமை நோயுள்ள 1,394 குழந்தைகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த சோதனையின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஓராண்டு நாள்தோறும் களிம்பு பூசப்பெற்றோருள் நூற்றுக்கு 23 பேருக்கும், பூசப்பெறாதோருள் 25 பேருக்கும் இரண்டாம் வயதில் கரப்பான் இருந்தது. தடுப்பு என்று கூற இவ்வேறுபாடு போதாது. வந்த நோயைத் தணிக்கும் களிம்பு, வரும் நோயைத் தடுக்கவில்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இந்நோய் தணிகின்றது. இடையிடையே அழற்சி மூண்டெழும்போது எளிய களிம்பு மட்டும் போதாது. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை அவர் கூறிய அளவிற் பூசுதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சள் நிறப் பொருக்குத் தட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ, துளையிட்டாற்போன்ற சிறு குழிப்புண்கள் தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.