ஒன்ஸ்மோர் வேண்டாம், சார்!

தாம்பரம் – பீச் எலெக்ட்ரிக் ட்ரெயினில் திங்கட்கிழமை காலை வழக்கமாக மூன்றே சப்ஜெக்ட்தான் அடிபடும். கிரிக்கெட், மேனேஜரின் அட்டகாசம், கத்திரிக்காய் விலை. 2023 செப்டம்பர் 11-ம் தேதி மட்டும் மூன்றுக்குமே லீவு! இத்தனைக்கும் கொழும்பில் இந்தியா – பாகிஸ்தான் ஆசியக் கோப்பை மேட்ச் மழையில் பாதியில் நின்று, மிச்சம் அன்றைக்குத்தான் ஆட வேண்டும். அதைக்கூட ஒரு ஆத்மா சீண்டவில்லை.

காரணம், முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஈஸ்ட் கோஸ்ட் ரோடு பனையூரில், ஆதித்யராம் பேலஸ் சிட்டி மைதானத்தில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி.

நான் போகவில்லை. ரசனை இல்லாமல் இல்லை சார். 'ரோஜா' கேஸட்டைத் தேயத் தேயக் கேட்ட தலைமுறைதான் நானும். டிக்கெட் விலையைச் சொன்னதும் என் மனைவி, "அந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கலாம். அதுவும்தான் சத்தம் போடும்" என்றாள். அதோடு சரி.

ஆனால் தாம்பரத்திலிருந்து போனவர்கள் நிறைய. கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை என்று ரூட் பிடித்தால் பனையூர். நமக்குப் பக்கம். இன்னொரு சொந்தமும் உண்டு. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் வந்ததிலிருந்து பனையூரும் அந்த எல்லைக்குள்தான். ஆகவே, எங்கள் பெட்டியில் இது உள்ளூர்ச் செய்தி.

என்ன நடந்தது என்பது நாடறிந்த கதை. அனுமதித்த அளவுக்கு மேல் கூட்டம். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கு வெளியில் நின்று திரும்பியவர்கள் ஏராளம். உள்ளே நெரிசலில் குழந்தையைத் தவறவிட்டுத் தவித்த பெற்றோர், கூட்டத்தில் அத்துமீறல் நடந்ததாகச் சொன்ன பெண்கள், பின்னால் இருப்பவர்களுக்குப் பாட்டே கேட்கவில்லை என்ற புகார்... போதாததற்கு ஈ.சி.ஆர். முழுக்க வண்டிகள் ஸ்தம்பித்து, முதல்வரின் கான்வாயே அந்த நெரிசலில் மாட்டியதாகச் செய்தி. தலைப்பு மட்டும்தான் கச்சிதம்: மறக்குமா நெஞ்சம்! இந்த ஜோக்கை அன்று தமிழ்நாட்டில் அடிக்காத ஆளே கிடையாது. நானும் அடித்துவிட்டேன், மன்னிக்கவும்.

சரி, பெட்டிக்கு வருவோம். சானடோரியம் தாண்டுவதற்குள் நான்கு கட்சி உருவாகிவிட்டது.

முதல் கட்சி, பரம ரசிகர் கட்சி. "தலைவர் என்ன சார் பண்ணுவார்? அவர் வேலை பாடறது. கேட்ல டிக்கெட் கிழிக்கறதும் அவரா?" என்றார் ஒரு இன்ஷூரன்ஸ் நண்பர், காதில் மாட்டிய இயர்போனைக் கழற்றாமலே.

இரண்டாவது, எதிர்க்கட்சி. "யார் பேரைப் பார்த்து டிக்கெட் வாங்கினோம்? ஏற்பாடு பண்ணின கம்பெனி பேர் உங்கள்ல யாருக்காவது தெரியுமா? போஸ்டர்ல யார் மூஞ்சியோ, அவங்கதான் ஜவாப்தாரி." கேட்டவர் பேங்க் கேஷியர். பணம் எண்ணுகிறவருக்குக் கோபமும் எண்ணி எண்ணித்தான் வரும்.

மூன்றாவது, போலீஸ் கட்சி. "எவ்வளவு டிக்கெட் வித்திருக்கு, எவ்வளவு இடம் இருக்குன்னு முன்னாடியே பார்க்க வேண்டாமா?" இந்தக் கட்சிக்கு அப்புறம் செல்வாக்கு கூடியது. ஏற்பாட்டாளர்கள் மீது வழக்கு பதிவானது, இரண்டு ஐ.பி.எஸ். அதிகாரிகள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள்.

நான்காவது, அந்தக் காலத்துக் கட்சி. அதற்கு ஒரே உறுப்பினர், ரிடையர்டு ஹெட்கிளார்க். "கிட்டப்பா, சுந்தராம்பாள் பாடினா மைக்கே கிடையாது. கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு விழும். ஜனங்க 'ஒன்ஸ்மோர்'னு கத்தினா, கதை நின்னுடும். மறுபடி பாடிட்டுத்தான் அடுத்த சீன். அங்கே ராஜா யாருன்னா, டிக்கெட் வாங்கினவன்தான்!"

எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், தன் 27-வது வயதிலேயே மறைந்துவிட்டார். ஹெட்கிளார்க் அவர் மேடையைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் எலெக்ட்ரிக் ட்ரெயினில் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

"அப்போ பனையூருக்கு ஒன்ஸ்மோர் கேட்டுடலாமா சார்?" என்றார் கேஷியர்.

"வேண்டாம் சார், இதுவே ஒன்ஸ்மோர்தான்! ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது. மழை வந்து தள்ளிப்போய், நேத்து நடந்தது" என்றார் இன்ஷூரன்ஸ். பெட்டியே சிரித்தது.

சிரிக்காத ஒருவன் ஜன்னலோரம் இருந்தான். இருபத்தி மூணு, இருபத்தி நாலு வயசிருக்கும். தோளில் ஆபீஸ் பை, கண்ணில் தூக்கம், கையில் நாலாக மடித்த டிக்கெட் பிரின்ட் அவுட். ஹெட்கிளார்க் விடவில்லை.

"என்னப்பா, நீ போயிருந்தியா? பாட்டெல்லாம் எப்படி?"

"நல்லா இருந்துதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான் சார்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

*

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் புத்தி போகும். அந்த நான்கு கட்சிக்காரர்களும் ஒரே தப்பைப் பண்ணுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இரண்டு லெட்ஜரை ஒன்றாகக் கலக்குகிறார்கள்.

ஒன்று பாசக் கணக்கு. சின்ன வயசில் கேட்ட பாட்டு, காதலித்தபோது கேட்ட பாட்டு, வேலை கிடைக்காத நாளில் மொட்டை மாடியில் கேட்ட பாட்டு. இதற்கெல்லாம் நாம் அந்தக் கலைஞருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடன் தீராது, தீரவும் வேண்டாம்.

இன்னொன்று ரொக்கக் கணக்கு. இத்தனை ரூபாய் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு இடம், கேட்கிற மாதிரி சத்தம், பத்திரமாக உள்ளே போய் வெளியே வர ஒரு வழி. இதில் பாசத்துக்கு வேலையில்லை. பால் கார்டு மாதிரிதான். காசு கட்டினால் பாக்கெட் வரவேண்டும்.

பரம ரசிகர், ரொக்கக் கணக்கில் விழுந்த நஷ்டத்தைப் பாசக் கணக்கில் எழுதி நேர் செய்கிறார். எதிர்க்கட்சிக்காரர், ரொக்க நஷ்டத்துக்காகப் பாசக் கணக்கையே மூடச் சொல்கிறார். ஆடிட்டர் இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரஹ்மானே இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்த்தார் என்று தோன்றுகிறது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறையையும் அனுப்பச் சொல்லி ஒரு ஈமெயில் முகவரி கொடுத்தார். தன்னைச் சிலர் 'கோட்' என்று கொண்டாடுவதைச் சொல்லி, இந்தத் தடவை எல்லாரும் விழித்துக்கொள்வதற்கு நானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்ற அர்த்தத்தில் எழுதினார். ஏற்பாட்டாளர்களும் கூட்டம் மிஞ்சியதற்குப் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அன்று சமாதானத்துக்கு வந்த முகம் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே முகம், பாடினவர் முகம். டிக்கெட் விற்றவர் முகத்தை ரசிகன் எங்கே பார்த்தான்? அவன் பார்த்ததெல்லாம் செல்போன் ஸ்க்ரீன்தானே!

*

முகம் என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், நான் அரை டிராயர் போட்ட காலம். குரோம்பேட்டை பக்கம் ஒரு சபா. அப்பா என்னைப் புராண நாடகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். முப்பதடி சீனரி, கலர் லைட்டு, எல்லாம் பிரமாதம். பாட்டு மட்டும் கேஸட்டில்.

நாரதர் வந்தார், தம்புராவை மீட்டினார், வாயைத் திறந்தார். கேஸட் சிக்கிக்கொண்டது! 'கொர்ர்ர்' என்றொரு சத்தம். நாரதர் திறந்த வாயை மூடவும் முடியாமல், பாடவும் தெரியாமல் நிற்கிறார். பின் வரிசையிலிருந்து ஒருவர், "நாரதரே, பென்சில் வேணுமா?" என்றார். கேஸட்டைப் பென்சில் விட்டுச் சுற்றியவர்களுக்கு அதன் அருமை புரியும்.

அரை மணி நேரம் ஆயிற்று. கூச்சல். அப்போது சபா செக்ரட்டரி மேடையேறினார். வேட்டியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தப்பு எங்களுதுதான். இன்னிக்கு டிக்கெட்டின் பாதியை யாரும் தூக்கிப் போட்டுடாதீங்கோ. அடுத்த மாச நாடகத்துக்கு அதைக் காட்டினா போதும்" என்றார். கூச்சல் அடங்கிவிட்டது. அவருக்கு மைக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஏன் அடங்கியது? அவர் வீடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை மார்க்கெட்டில் அவரும் பையோடு வந்தாக வேண்டும். அப்பா அந்தக் கிழிந்த பாதியைப் பர்ஸில் வைத்திருந்து, அடுத்த மாதம் காட்டி, நாங்கள் போனோம். அந்த நாடகமும் சுமார்தான். ஆனால் கோபம் வரவில்லை.

இன்றைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் கூடும் நிகழ்ச்சிக்கு மார்க்கெட்டில் தென்படுகிற செக்ரட்டரி கிடைக்க மாட்டார். அந்த இடத்தில் சட்டத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. காசு வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாவிட்டால் அதற்குப் பெயர் 'சேவைக் குறைபாடு'. மிக்ஸிக்கும் அதே சட்டம்தான், மேடைக்கும் அதே சட்டம்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நிகழ்ச்சி எங்கே நடந்தாலும், டிக்கெட் விற்ற கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். தாம்பரத்துக்காரருக்குச் செங்கல்பட்டு போதும். கெடு இரண்டு வருஷம். கையில் வேண்டியது டிக்கெட், பணம் கட்டின ரசீது, முடிந்தால் நாலு போட்டோ.

"போனது போகட்டும், ரெண்டாயிரத்துக்காகக் கோர்ட்டு படி ஏறவா?" என்பார்கள். இரண்டாயிரத்துக்காக மட்டும் இல்லை சார்.

1969-ல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற இசை விழா. விற்ற டிக்கெட் இரண்டு லட்சத்துக்குக் கீழே; வந்த கூட்டம் நாலு லட்சத்துக்கு மேலே. வேலியே முடியவில்லை. கடைசியில் இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். அதை இன்றைக்கும் காவியமாகப் பேசுகிறார்கள். எல்லாக் கூட்டமும் அப்படிக் காவியமாக முடிவதில்லை. பனையூர் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2023 நவம்பர் 25, கொச்சி பல்கலைக்கழகத்தில் மாணவர் விழா, ராத்திரி பாட்டுக் கச்சேரி. திறந்தவெளி அரங்கத்துக்குள் கூட்டம் நெருக்கியடித்தது. படிக்கட்டில் விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் போய்விட்டார்கள். பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள்.

பனையூரில் பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது. அதை 'போனது போகட்டும்' என்று விட்டால் அடுத்த மைதானத்திலும் அதே கேட், அதே கூட்டம். ஒவ்வொரு புகாரும் அடுத்த நிகழ்ச்சியின் கேட்டில் இன்னும் ஒரு அடி அகலம். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தால்தான், எத்தனை டிக்கெட் அச்சடிக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள்.

*

அன்று கிண்டி நெருங்கும்போது இதில் பாதியைத்தான் சொல்லி முடித்திருந்தேன். இன்ஷூரன்ஸ் நண்பர், "அப்போ தலைவர் மேல கேஸ் போடச் சொல்றீங்களா?" என்று முறைத்தார்.

"இல்லைங்க. தலைவர் பாட்டைக் கேளுங்க. டிக்கெட்டுக்குக் கணக்கும் கேளுங்க. ரெண்டும் ஒரே ஆள் பண்ணலாம்."

ஜன்னலோரத்துப் பையன் எழுந்தான். அந்த பிரின்ட் அவுட்டை அதுவரை கசக்கிக் கசக்கி உருண்டையாக்கியிருந்தான். இறங்கப் போனவன் நின்று, அதைப் பிரித்து, தொடையில் வைத்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் இயர்போனைக் காதில் மாட்டினான். என்ன பாட்டு என்று கேட்கவா வேண்டும்!

சாயங்காலம் வீட்டில் இந்தக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். மனைவி முழுவதும் கேட்டாள். உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதைத்தான் அன்னிக்கே சொன்னேன். மிக்ஸின்னா வாரண்டி கார்டு உண்டு!"