எதை எங்கே தேடுவது?

இணையத்தில் தேடுவது என்றாலே, கூகுளில் இரண்டு சொல்லைத் தட்டி முதலில் வருவதைத் திறப்பது என்றாகிவிட்டது. மழை வருமா என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால், இந்தத் தகவலை யார் வைத்திருப்பார்கள் என்று முதலில் யோசிக்க வேண்டும். சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாம் கேட்கும் நொடியில் தேடுபொறி இணையம் முழுவதையும் துழாவுவதில்லை. ஏற்கெனவே பக்கம் பக்கமாகப் படித்துச் சேர்த்துவைத்த அட்டவணையைத்தான், நூலின் பின்னால் உள்ள சொல்லடைவைப் போலப் புரட்டுகிறது. அதில் ஏறாத பக்கம் தேடலில் வராது. உங்கள் நிலத்தின் பட்டா கூகுளில் கிடைக்காததும் இதனால்தான். தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் எல்லாம் கொடுத்த பிறகே அந்தப் பக்கம் உருவாகிறது. வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறையின் தளம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய இ-கோர்ட்ஸ். பல நூலகங்களின் பட்டியல்களையும் அந்தந்த நூலகத்தின் தளத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.

தமிழில் தேடுவோருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. கோயில், கோவில், பத்திரிகை, பத்திரிக்கை என்று எழுத்து மாறினால் முடிவும் மாறக்கூடும். இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் தேடினால் அவை சிக்குவதில்லை. படமாக ஸ்கேன் செய்த புத்தகமும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே பழைய நூல் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ ஆகிய தளங்களுக்கு நேராகப் போய், தலைப்பையோ ஆசிரியர் பெயரையோ கொண்டு தேடுங்கள்.

கூகுளையே கொஞ்சம் அதட்டி வேலை வாங்கவும் முடியும். ஒரு தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், அதே வரிசையில் அந்தச் சொற்கள் உள்ள பக்கங்களையே தேடும். பொன்னியின் செல்வன் நாவலைப் பற்றித் தேடினால் 2022இல் வந்த படம்தான் வந்து குவிகிறது. கழித்தல் குறியிட்டு, இடைவெளி விடாமல் ‘திரைப்படம்’ என்று சேர்த்தால் கூட்டம் குறையும். சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். சில அரசுத் தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியைவிட இது மேல்.

வாட்ஸ்அப்பில் வரும் பரபரப்பான படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டுப் பாருங்கள். நேற்றைய வெள்ளம் என்று வந்த படம் பல ஆண்டுகளுக்கு முன் வேறு ஊரில் எடுத்ததாக இருக்கலாம். அழிந்துபோன பக்கத்தின் முகவரி கையில் இருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுங்கள். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அதில் உள்ளன.

சாட்ஜிபிடி போன்றவை சுருக்கம் சொல்வதில் கெட்டி. ஆனால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர் சொல்லும். அவை காட்டும் மூலத்தைத் திறந்து படிக்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை மட்டும் தேடுபொறியில் தேடவே வேண்டாம். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே ஏற்றிவைக்கிறார்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புத்தகத்திலோ உள்ள எண்ணையே அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.