கர்ணனுக்குத் தண்டனை நியாயமா? பனித்திட்டு கடற்கரையில் ஒரு கேம் வீடியோ கிளப்பிய விவாதம்

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். பாகூர் கொம்யூனில் இருக்கும் மீனவர் கிராமமான பனித்திட்டு. கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில் நாங்கள் நான்கு பேர். எல்லோரும் காலேஜ் நண்பர்கள், இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. அதில் ஒருவனுக்கு இதுதான் சொந்த ஊர். அவன் போனில் ஏதோ கேம் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை முடி, வெளிறிய முகம், தங்கக் கவசம், கையில் பெரிய ஈட்டி.

"யார்றா இது?"

"கர்ணன்டா. நம்ம கர்ணன்!"

ஜப்பானில் 2015-ல் வெளியான 'ஃபேட்/கிராண்ட் ஆர்டர்' என்ற மொபைல் கேம் அது. உலக வரலாறு, புராணம் எல்லாவற்றிலிருந்தும் வீரர்களை அழைத்து வந்து மோதவிடுவார்கள். அதில் கர்ணனும் உண்டு, அர்ஜுனனும் உண்டு. கர்ணனுக்கு அங்கே ஏகப்பட்ட ரசிகர்கள். கமென்ட்டில் ஒருவர், 'இவ்வளவு நல்லவனுக்கு ஏன் இப்படி ஒரு சாவு?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், 'திரௌபதியை என்ன செய்தான்னு படிச்சுட்டு வாங்க' என்று போட்டிருந்தார்.

அவ்வளவுதான். அங்கே நடந்த சண்டை எங்கள் படகடிக்கும் வந்துவிட்டது. இது புது சண்டையும் இல்லை. 2024 ஜூனில் 'கல்கி 2898 ஏடி' வந்தபோதும் சோஷியல் மீடியாவில் கர்ணன் கட்சி, அர்ஜுனன் கட்சி என்று பிரிந்து அடித்துக்கொண்டார்கள்.

ஸோ, ஒரு வழக்கு போலவே இதைப் பார்த்துவிடலாம். கர்ணன் மேல் என்ன குற்றம்? அவன் தரப்பு என்ன? தண்டனை சரியா?

குற்றப்பத்திரிகை

முதல் குற்றம், சூதாட்ட சபை. தோற்றுப்போன பாண்டவர்களுக்கு முன்னால் திரௌபதியை இழுத்து வருகிறார்கள். வியாச பாரதத்தின்படி, கர்ணன் அங்கே வேடிக்கை பார்த்தவன் மட்டும் இல்லை. ஐந்து பேரை மணந்தவள் என்று சொல்லி அவளைக் கேவலப்படுத்துகிறான். பாண்டவர்களின் உடையையும் அவள் உடையையும் களையும்படி துச்சாதனனிடம் சொல்பவனும் அவன்தான்.

இரண்டாவது குற்றம், அபிமன்யு. வியூகத்துக்குள் தனியாக மாட்டிக்கொண்ட சின்னப் பையனைப் பெரிய பெரிய வீரர்கள் சேர்ந்து சூழ்ந்துகொள்கிறார்கள். துரோணர் யோசனை சொல்ல, அவன் வில்லை அறுத்தவன் கர்ணன்.

'தானவீரன்' என்ற பட்டத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் வைத்துப் பார்ப்பது நமக்குக் கொஞ்சம் சங்கடம்தான். 1964-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய 'கர்ணன்' படத்தைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாடு இது. கர்ணன் என்றாலே நமக்கு சிவாஜி முகம். 2012-ல் அந்தப் படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து ரிலீஸ் செய்தபோதும் தியேட்டரில் கூட்டம். சிவாஜி அழுதால் கூடவே அழுபவர்கள் எப்படி அவர் மேல் கேஸ் போடுவது?

கர்ணன் தரப்பு

டிஃபென்ஸும் லேசானது இல்லை. பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்ட குழந்தை. தேரோட்டி அதிரதனும் ராதையும் வளர்க்கிறார்கள். வித்தை காட்ட அரங்கத்துக்கு வந்தால், 'உன் குலம் என்ன?' என்ற கேள்வி. திறமை அர்ஜுனனுக்குச் சமமாக இருந்தும், சர்டிஃபிகேட் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஆள். தமிழ்க் கூத்துக் கதையில் மனைவி பொன்னுருவிகூட அவன் பிறப்பைச் சொல்லி ஒதுக்குகிறாள்.

அந்த அரங்கத்தில் எழுந்து வந்து, அங்க நாட்டுக்கு ராஜாவாக முடி சூட்டியவன் துரியோதனன் ஒருத்தன்தான். போருக்கு முன்பு கிருஷ்ணன் வந்து, 'நீ குந்தியின் மூத்த மகன், வா, அரியணை உனக்குத்தான்' என்று சொல்லும்போதும் கர்ணன் போகவில்லை. தோற்கும் பக்கம் என்று தெரிந்தே நின்றான். இதைத்தான் நாம் 'செஞ்சோற்றுக் கடன்' என்கிறோம்.

கேம் வீடியோ வைத்திருந்த நண்பனின் வாதமும் இதுதான். "ஊரே துப்பினப்ப ஒருத்தன் கை கொடுத்தான். அவன் தப்பு பண்ணா விட்டுட்டு ஓடிடணுமா மச்சான்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே சபையில் இன்னொருவன் இருந்தான்.

யார் இந்த விகர்ணன்?

விகர்ணன், துரியோதனனின் சொந்தத் தம்பி. பீஷ்மர், துரோணர் எல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த சபையில் எழுந்து, 'தன்னையே தோற்ற தருமன், திரௌபதியை எப்படிப் பணயம் வைக்க முடியும்? இது செல்லாது' என்று வாதாடியவன்.

அவனை அடக்கி உட்காரவைத்தது யார் தெரியுமா? கர்ணன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விகர்ணன் கட்சி மாறவில்லை. போர் வந்ததும் அண்ணன் பக்கமே நின்று சண்டை போட்டு, பீமன் கையால் செத்துப்போகிறான். அதாவது, துரியோதனனுக்கு விசுவாசமாக இருந்துகொண்டே 'இது தப்பு' என்று சொல்லவும் அந்த சபையில் இடம் இருந்தது. ஒருவன் சொல்லியும் காட்டினான்.

அதனால், சபையில் நடந்ததற்கு செஞ்சோற்றுக் கடன் கேடயம் ஆகாது. நண்பனுக்காக உயிரைக் கொடுப்பது கடன். நண்பனைச் சந்தோஷப்படுத்த ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது எந்தக் கடனிலும் வராது.

வேறு வழி இருந்ததா?

இங்கே இன்னொரு கேம் கேரக்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023-ல் வந்து, அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கிய 'பால்டர்ஸ் கேட் 3'-ல் அஸ்டேரியன் என்று ஒருவன் வருவான். ரத்தம் குடிக்கும் வேம்பயர். இருநூறு வருடம் ஒரு எஜமானனுக்கு அடிமையாக இருந்து, ஆட்களை மயக்கிக் கூட்டிக்கொண்டு போய் அவனிடம் ஒப்படைத்தவன். எஜமானன் கட்டளை போட்டால் இவன் உடம்பு கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். அவனைத் தண்டிப்பதா, மன்னிப்பதா என்று கேமர்கள் இன்றைக்கும் பஞ்சாயத்து வைக்கிறார்கள்.

இந்த மாதிரி நிலைமையை நம் சட்டமும் யோசித்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 32-வது பிரிவு (பழைய ஐபிசியில் 94) சொல்வது இதுதான்: 'செய்யாவிட்டால் இங்கேயே, இப்போதே உயிர் போகும்' என்ற மிரட்டலில் ஒருவர் செய்யும் செயல் குற்றம் ஆகாது. கொலைக்கும், மரண தண்டனை விதிக்கத்தக்க அரசுக்கு எதிரான குற்றங்களுக்கும் இந்த விலக்கு கிடையாது. தானாகவே போய் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கும் கிடையாது.

அஸ்டேரியனுக்கு இந்தப் பிரிவை வைத்து ஏதோ கொஞ்சம் வாதாடலாம். கர்ணன் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. துரியோதனன் அவனிடம் கேட்கக்கூட இல்லை. அவனாகவே பேசினான்.

ஸோ, குற்றம்? ஆமாம். இதில் எங்கள் நான்கு பேரில் மூன்று பேர் ஒரே பக்கம் வந்துவிட்டோம். கேம் நண்பன் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டு சும்மா இருந்தான்.

குற்றம் வேறு, தண்டனை வேறு

சோஷியல் மீடியா சண்டைகள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான். 'தப்பு செஞ்சானா?' என்பதும், 'என்ன தண்டனை?' என்பதும் இரண்டு தனித்தனி கேள்விகள். கோர்ட்டில் இரண்டையும் பிரித்துத்தான் கேட்கிறார்கள். செஷன்ஸ் வழக்கில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்ன பிறகு, தண்டனை பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று தனியாகக் கேட்டாக வேண்டும்.

1980-ல் பச்சன் சிங் வழக்கில், அரிதிலும் அரிதான வழக்குகளில்தான் மரண தண்டனை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனையைக் குறைக்க எதையெல்லாம் பார்க்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு பேசியது. குற்றவாளியின் வயது, மனநிலை, திருந்த வாய்ப்பு இருக்கிறதா, இன்னொருவரின் ஆதிக்கத்தில் இருந்து செய்தாரா... இப்படி.

கர்ணனின் கண்ணீர்க் கதை செல்லுபடியாகும் இடம் இதுதான். ஆற்றில் விடப்பட்டது, குலம் கேட்கப்பட்டது, ஒரே ஒரு நண்பன் கிடைத்தது எல்லாம் அவன் செய்ததை அழிக்காது. ஆனால், தண்டனையின் அளவை யோசிக்கும்போது அவை மேசைக்கு வந்தே ஆக வேண்டும்.

அதுவும் கர்ணன் வருந்தியிருக்கிறான். கிருஷ்ணனோடு நடந்த அதே தனிப் பேச்சில், 'துரியோதனனைச் சந்தோஷப்படுத்த பாண்டவர்களைப் பார்த்துக் கடுமையாகப் பேசினேன், அதை நினைத்து இப்போது வேகிறேன்' என்கிற பொருளில் ஒப்புக்கொள்கிறான்.

தேர்ச்சக்கரம் சரியான கோர்ட்டா?

கடைசியில் கர்ணனுக்குக் கிடைத்த தண்டனை எல்லோருக்கும் தெரியும். சக்கரம் மண்ணில் புதைகிறது. இறங்கித் தூக்குகிறான். 'தர்மப்படி கொஞ்சம் பொறு' என்று அர்ஜுனனிடம் கேட்கிறான். 'திரௌபதியை சபைக்கு இழுத்தபோது, அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றபோது உன் தர்மம் எங்கே போச்சு?' என்று கிருஷ்ணன் அடுக்குகிறான். கர்ணனிடம் பதில் இல்லை. வெட்கத்தில் தலை குனிகிறான். பிறகு அம்பு.

கேள்வி சரியான கேள்விதான். ஆனால், ஆயுதம் இல்லாமல் நிற்பவனைக் கொல்வது சரியான பதிலா? ஒருவன் தண்டனைக்கு உரியவன் என்பதால், எந்த வழியில் தண்டித்தாலும் சரி என்று ஆகிவிடாது. 'குற்றவாளிதானே, சுட்டால் என்ன?' என்று டைம்லைனில் கொதிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அந்தத் தேர்ச்சக்கரத்துப் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

காவியத்தின் கடைசித் தீர்ப்பும் சுவாரஸ்யமானது. சொர்க்கத்துக்குப் போன தருமன், தன் ஆட்களைத் தேடும்போது கர்ணனின் குரலையும் தம்பிகள், திரௌபதி குரலையும் நரகத்தில்தான் கேட்கிறான். துரோணர் விஷயத்தில் அரைப் பொய் சொன்னதற்காக தருமனும் அந்த நரகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் கர்ணன் சூரியனிடம் போய்ச் சேர்கிறான். யாரும் முழு சுத்தம் இல்லை, யாருக்கும் நிரந்தர நரகமும் இல்லை.

ஆயா கேட்ட கேள்வி

நாங்கள் போட்ட சத்தத்தில் நண்பனின் ஆயா வந்து உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம்.

இந்தக் கட்டுரையில் திரௌபதி இவ்வளவு நேரம் எங்கே இருந்தாள்? கர்ணன் கதை, கர்ணன் கஷ்டம், கர்ணன் தண்டனை என்றே பேசிக்கொண்டிருந்தோம். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்கள் அப்படி விடவில்லை. இந்தப் பக்கம் அவள் சாமி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. முடிவில் படுகளம். களிமண்ணில் பெரிதாகத் துரியோதனனைச் செய்து படுக்கவைத்து, அவன் விழுந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிவாள். அப்புறம் தீமிதி.

அதே ஊர்களில்தான் 'கர்ண மோட்சம்' கூத்தும் விடிய விடிய நடக்கிறது. இறந்தவர்களுக்கு மோட்சம் கிடைக்கும் என்று கருமகாரியத்திலும் இந்தக் கூத்தை வைப்பார்கள். தாத்தா காரியத்துக்கும் வைத்ததாக ஆயா சொன்னார்.

"அழுவாம இருக்க முடியுமா? கர்ணன் வுழறப்ப நானும் அழுதேன்தான்" என்றார். கொஞ்சம் விட்டுக் கேட்டார்: "ஆனா, அந்தப் புள்ளைகிட்டப் போயி ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டானா அவன்?"

யோசித்துப் பார்த்தால், கேட்கவில்லை. வருத்தப்பட்டதைக் கிருஷ்ணனிடம் சொன்னான். அந்த வரியிலும் பாண்டவர்கள்தான் இருக்கிறார்கள், திரௌபதி பெயர் இல்லை. கவசத்தைக் கேட்டதும் அறுத்துக் கொடுத்தவன், கடைசியில் சேர்த்து வைத்த புண்ணியத்தையும் தாரை வார்த்தவன், ஒரு மன்னிப்பை மட்டும் கொடுக்கவில்லை.

எங்கள் குரூப்பில் ஒரு சபை

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காலேஜ் கடைசி வருடத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், கூடப் படித்த பெண் ஒருவரின் போட்டோவைப் போட்டு ஒருவன் அசிங்கமாக ஒரு கமென்ட் அடித்தான். என் செமஸ்டர் ஃபீஸுக்கு ஒருமுறை பணம் புரட்டிக் கொடுத்தவன் அவன். யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாக ஓடுவான். அன்றைக்கு நான் விகர்ணனாக இருந்திருக்கலாம். சிரிப்பு எமோஜி போட்டேன். விஷயம் அந்தப் பெண் காதுக்குப் போனது. அதற்கப்புறம் எங்கள் யாருடனும் அவர் பேசவில்லை.

பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருப்போம். அது மட்டும் போதுமா என்று தெரியவில்லை.

ஆயா எழுந்து போன பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அந்த கமென்ட் போட்டவன்தான் கேம் வீடியோவை வைத்திருந்தவன்.

அன்று ராத்திரி பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லி மன்னிப்பு மட்டும் கேட்டேன். தானும் அனுப்பிவிட்டதாக மறுநாள் அவன் சொன்னான்.

இரண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. வர வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை.