ஐந்து நாள் அடைக்கலமும் அறுபது நாள் வழக்கும்

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண், ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாட்கள் வரை தங்கலாம். அவருடைய மனுவை முதல் விசாரணையிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்கிறது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கே வாழ்வது? தருமபுரி மாவட்டத் தலித் பெண்களின் வழக்குகளுக்கு இதுவே முதன்மையான கேள்வி.

பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்பது எளிய பதில். ஆனால், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்ட மாவட்டம் இது. சாதி கடந்து மணந்த பெண், தன் வருகை சொந்தங்களுக்கே ஆபத்தாகுமோ என்று அஞ்சுவதில் வியப்பில்லை. சொந்தச் சாதியில் மணந்தவருக்கோ ஓரறைக் காலனி வீட்டில் இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் ‘பேசித் தீர்த்து’ அடித்தவனிடமே அனுப்பிவைக்கின்றனர்.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்திலேயே வழி உண்டு. 181 என்ற எண்ணை அழைத்தாலோ சேவை மையத்துக்கோ பாதுகாப்பு அலுவலரிடமோ நேரில் சென்றாலோ உதவி தொடங்குகிறது. பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்ப வேண்டும். பிரிவு 12இன் கீழ் மனுத் தாக்கல் செய்யும்போதே பிரிவு 23இன் கீழ் இடைக்கால உத்தரவும் கோரலாம். பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை மட்டுமே கொண்டு, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே, பாதுகாப்பு, குடியிருப்பு, பணஉதவி ஆகியவற்றுக்கு நடுவர் உத்தரவிட முடியும். மாற்று வீட்டுக்கான வாடகையைக் கணவரே செலுத்தவும் ஆணையிடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

பிழைப்புக்காகப் பெங்களூரு சென்ற இடத்தில் வன்முறை நிகழ்ந்திருந்தாலும், ஊர் திரும்பிய பெண் தருமபுரியிலேயே மனுச் செய்யலாம். அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமே போதும் என்கிறது பிரிவு 27. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு.

இனி, சாதியின் கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15அ, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு ஆகியவற்றை உரிமையாக்குகிறது. ஆனால், குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் அச்சட்டம் பொருந்தாது. வேறு சாதிக் கணவர் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினாலும், பொதுப்பார்வைக்கு அப்பால், நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த வசவு அச்சட்டத்தின்படி இழிவுபடுத்தும் குற்றமாகாது என்பதே 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு. எனினும், அதே வசவு குடும்ப வன்முறைச் சட்டத்தில் ‘சொல்வழி, உணர்வுவழி வன்முறை’ ஆகிறது. ஆகவே, அதைக் குடும்ப நிகழ்வு அறிக்கையில் சொல் மாறாமல் பதியச் செய்வது அவசியம்.

அடித்தவர் எச்சாதி என்பதைப் பொறுத்து, நீதிமன்றம் செல்லும் பெண்ணின் பேருந்துக் கட்டணம் உரிமையாகவோ அவர் தலைமேல் விழும் சுமையாகவோ மாறுவது முறையன்று. சித்தேரி மலையிலிருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பு. பிரிவு 15அ வழங்கும் பயண, பராமரிப்புச் செலவுகளைக் குடும்ப வன்முறை மனுதாரர்களுக்கும் மாநில அரசு விரிவுபடுத்த வேண்டும். மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அரூரிலும் பென்னாகரத்திலும் அந்த அலுவலர் யார், எங்கே அமர்கிறார் என்று கேட்பதிலிருந்து மாணவர்களும் இயக்கத் தோழர்களும் தொடங்கலாம். ஐந்தாம் நாள் முடிவதற்குள் இடைக்கால மனு நடுவரின் மேசையை அடைந்தாக வேண்டும்.