உங்களுக்குத் தெரியுமா? உள்ளே வைக்கும் கதிர்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றாலே பெரிய இயந்திரத்தின் கீழே படுப்பதுதான் நினைவுக்கு வரும். கதிர்மூலத்தையே கட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ வைக்கும் முறையும் உண்டு: பிராக்கிதெரபி. கிரேக்கத்தில் 'பிராக்கிஸ்' என்றால் குறுகியது. அந்தக் குறுகிய தூரத்தில்தான் சூட்சுமமே. தூரம் இரட்டித்தால் கதிரின் செறிவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். கட்டி முழு அளவையும் வாங்கிக்கொள்ள, அருகிலுள்ள உறுப்புகள் பெருமளவு தப்பிக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இதன் பங்கு மிகப் பெரியது. அரிசி மணியளவு இரிடியம்-192 கதிர்மூலம், மெல்லிய கம்பியின் நுனியில் உள்ளே போய்ச் சில நிமிடங்களில் திரும்பிவிடும். பிறகு உடலில் கதிர்வீச்சு மிச்சமிருக்காது. வீடு திரும்பும் பாட்டி பேரக்குழந்தையைத் தயங்காமல் மடியில் வைத்துக் கொஞ்சலாம். புராஸ்டேட்டில் நிரந்தரமாகப் பதிக்கும் அயோடின்-125 விதைகள் போன்றவற்றுக்குத்தான் சில காலம் எச்சரிக்கை தேவை.