ஒரு பொறிக்குள் பல கணினிகள்

தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் லயன் வீடுகளை நன்கு அறிவர். நீண்டதொரு கட்டடம், கூரை ஒன்று, இடையிடையே சுவர் எழுப்பிப் பல குடும்பங்களைக் குடியமர்த்தியிருப்பர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி வாயிலும் தனி அடுப்பும் உண்டு. தண்ணீர்க் குழாய் மட்டும் பொது. இன்று சர்வர் எனப்படும் சேவைக் கணினிகளில் பெரும்பாலானவை இவ்வாறே வாழ்கின்றன. பெட்டி ஒன்றுதான், அதனுள் பத்தோ இருபதோ கணினிகள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் தன்னையே முழுப் பொறி என எண்ணிக்கொண்டு, தன் இயங்குதளத்தையும் கோப்புகளையும் தானே ஆண்டு வருகிறது. இவையே மெய்நிகர் கணினிகள்.

இக்குடியிருப்பை மேற்பார்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். பெயர் பிறந்த கதை சுவையானது. பழைய பெருங்கணினிகளில் இயங்குதளத்தின் கருவை சூப்பர்வைசர், அஃதாவது கங்காணி, என்று அழைத்தனர். பல கங்காணிகளை ஒருங்கே அடக்கியாளும் ஒன்று தோன்றியபோது, 'சூப்பர்' என்பதினும் உயர்ந்த 'ஹைப்பர்' என்னும் முன்னொட்டைச் சூட்டினர். தோட்ட வழக்கில் பெரிய கங்காணி எனலாம்.

இது புதுமையன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தில் 1960-களின் நடுவிலேயே இதற்கான ஆய்வு நடந்தது, 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் அது வெளிவந்தது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் இதற்குரிய இலக்கணத்தை வகுத்தனர். மெய்நிகர் கணினி ஒன்று பொறியின் நிலையைத் தொடும் கட்டளையை இடும்போதெல்லாம் அது தடுக்கப்பட்டுப் பெரிய கங்காணியின் கைக்கு வர வேண்டும் என்பதே அதன் சாரம். மேசைக் கணினிகளின் சில்லுகள் இந்த இலக்கணத்திற்கு அடங்கவில்லை. 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம், அடங்காத கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உபாயத்தால் அதைச் சமாளித்தது. 2005-இல் இண்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் சில்லிலேயே அதற்கு வழி செய்தன. ஆனால் பல கணினிகளில் அந்த வசதி பயாஸ் அமைப்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். புதிதாக முயல்வோர் பலர் முதல் நாளே மனந்தளர்வதற்குக் காரணம் இந்த ஒரு பொத்தான்தான்.

இதனால் தமிழாசிரியருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. டிஸ்கி, டாப், டாம் என்று பல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் முதல், தமிழ்நாட்டில் தோன்றிய பற்பல மென்பொருள்கள் வரை, அக்காலத்தில் தட்டெழுதிய பள்ளி மலர்களும் பாட நூல்களும் ஏராளம். அவற்றைத் திறக்கும் பழைய கணினி ஒருநாள் கண்ணை மூடினால், கோப்பு கையில் இருந்தும் படிக்க இயலாத நிலை வந்துவிடும். அக்கணினி உயிரோடிருக்கும்போதே அதன் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து மெய்நிகர் கணினியாக மாற்றி வைத்தால், பழைய விண்டோசும் பழைய எழுத்துருவும் புதிய பொறிக்குள் பல்லாண்டு வாழும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-உடன் நின்றன. ஆதலின் அத்தகைய மெய்நிகர் கணினிக்கு இணைய வாயிலை அறவே அடைத்துவிட வேண்டும்.

எந்த ஹைப்பர்வைசரைத் தேர்வது? நெடுங்காலமாக அலுவலகங்களில் வி.எம்.வேரே அரசு செலுத்தியது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு முறை வாங்கி என்றும் பயன்படுத்தும் உரிமம் விற்கப்படுவது நின்று, சந்தா முறை வந்தது. இலவச ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மீண்டும் வந்தது. பிறர் கையிலுள்ள சாவியை நம்பி வீடு கட்டுவோர் இதை நினைவில் வைப்பது நலம். வியன்னாவில் உருவாகி 2008-இல் வெளியான பிராக்ஸ்மாக்ஸ், லினக்சின் கே.வி.எம். கருவைக் கொண்டு இயங்குவது, கட்டணமின்றியும் கிடைப்பது, வீட்டிற்கும் சிறு அலுவலகத்திற்கும் தாராளமாகப் போதும். விண்டோஸ் சர்வரே மிகுதியாக உள்ள இடத்தில் ஹைப்பர்-வி பொருந்தும். தெரிந்துகொள்ளும் ஆர்வம் மட்டும் உடையவர், அன்றாடக் கணினியிலேயே வர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிப் பழகலாம்.

பொறிக்கு வருவோம். செயலியைப் பங்கிட்டுக் கொடுப்பதில் தாராளம் காட்டலாம். பெரும்பாலான கணினிகள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பவையே. எனினும் ஒவ்வொன்றிற்கும் முதலில் இரண்டு கரு கொடுத்து, போதாதபோது கூட்டுவதே முறை. நினைவகம் அப்படியன்று. 32 ஜி.பி. உள்ள தாய்ப்பொறியில் 40 ஜி.பி.யைப் பங்கிட்டுக் கொடுத்தால், எல்லாக் குடிகளும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு வரும் நாளில் பொறி வட்டை நினைவகமாகக் கொண்டு திணறும். அல்லது ஏதேனும் ஒரு மெய்நிகர் கணினியைக் கொன்றுவிடும். தாய்ப்பொறிக்கு நான்கு ஜி.பி.யாவது ஒதுக்கியபின் எஞ்சியதையே பகிர வேண்டும்.

வட்டில் வேறொரு கண்ணி உண்டு. மெலிந்த ஒதுக்கீடு என்னும் முறைப்படி, 500 ஜி.பி. வட்டில் பத்து கணினிகளுக்குத் தலைக்கு 100 ஜி.பி. இருப்பதாகக் காட்ட முடியும். எழுதிய அளவுக்கே இடம் செலவாகும், நல்ல சிக்கனந்தான். ஆயினும் ஒருநாள் மெய்யான வட்டு நிரம்பிவிட்டால், எந்தக் கணினி இடத்தைத் தின்றதோ அது மட்டுமன்றி, அவ்வட்டில் உள்ள அனைத்துமே எழுத இடமின்றி நிற்கும். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது இது நேர்ந்தால் கோப்பு பழுதாவதும் உண்டு. எண்பது விழுக்காடு நிரம்பியவுடன் அஞ்சல் வழி எச்சரிக்கை வருமாறு அமைப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாதவரே மிகுதி.

இனி ஸ்னாப்ஷாட் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மக்கள் ஏமாறுவது இதில்தான். ஸ்னாப்ஷாட் என்பது ஒரு கணினியின் நிலையை ஒரு கணத்தில் நிறுத்திக் குறித்து வைப்பது. பல அமைப்புகளில், அதை எடுத்தவுடன் மூல வட்டு உறைந்துவிடும். அதன்பின் நிகழும் மாற்றங்கள் தனிக் கோப்பில் சேரும். திருத்தம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, கோணலானால் பழைய நிலைக்குத் திரும்ப இதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் அந்தத் தனிக் கோப்பு நாளுக்கு நாள் வளரும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று சங்கிலியாக நீண்டால் வேகமும் குறையும். 72 மணிநேரத்திற்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்பது வி.எம்.வேரின் அறிவுரை. எல்லாவற்றிலும் முக்கியமானது யாதெனின், மூல வட்டு இறந்தால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே இறக்கும். அது காப்புப் படி ஆகாது. ஏட்டின் ஓரத்தில் பென்சிலால் இட்ட குறியை மறுபடி என்று கொள்வார் உண்டோ?

காப்புப் படி வேறு பெட்டியில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. காப்புப் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். படி இருப்பதாக நம்பியிருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளையிட்டு ஏறக்குறைய 300 ஜி.பி. தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. நாள்தோறும் எடுக்க வேண்டிய படி பதிப்பு முரண்பாட்டால் தோல்வியுற்று வந்தது; தோல்வியைச் சொல்ல வேண்டிய அஞ்சலோ உரியவரைச் சேரவேயில்லை. ஆறு மணிநேரத்திற்கு முன் சோதனைக்காக வேறொரு சர்வரில் எடுத்து வைத்திருந்த படியே கைகொடுத்தது.

மெய்நிகர் கணினியில் மீட்டுப் பார்ப்பது எளிது. காப்புப் படியைப் புதிய எண்ணில் மீட்டு, வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். துண்டிக்காவிடில் ஒரே முகவரியுள்ள இரு கணினிகள் மோதிக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கணினியை இவ்வாறு மீட்டு, உள்ளே சென்று ஒரு கோப்பையாவது திறந்து பார்ப்பது அலுவலகங்களில் கட்டாய வழக்கமாக வேண்டும்.

பெரிய கங்காணியின் அறையைத் தெருவைப் பார்த்துத் திறந்து வைக்கலாகாது. 2023 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. பொறிகளைப் பணயக் கும்பல் ஒன்று பூட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வெளிவந்திருந்தது. ஈராண்டு போடாதவரும், நிர்வாக வாயிலை இணையத்தில் திறந்து வைத்தவருமே அகப்பட்டனர். தாய்ப்பொறி பூட்டப்பட்டால் உள்ளிருக்கும் அத்தனை கணினிகளும் ஒரே அடியில் போயின.

வீட்டிற்கு வேறு கணக்கு. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய ராக் சர்வரை மலிவாக வாங்கி மகிழ்வோர், அது ஓயாமல் 200 வாட் குடித்தால் மாதம் 144 யூனிட் மின்சாரம் ஆவதை எண்ணுவதில்லை. அதன் விசிறி இரைச்சல் வேறு. 40 வாட் கொள்ளும் சிறு மேசைக் கணினி 29 யூனிட்டோடு அடங்கும். இடி மின்னல் மிகுந்த இந்நாட்டில் யு.பி.எஸ். ஆடம்பரமன்று. மின்சாரம் போனால் மெய்நிகர் கணினிகள் முதலிலும் தாய்ப்பொறி கடைசியிலும் அணையுமாறும், மீண்டும் எழும்போது பெயர்த்தீர்வு சர்வர் முதலிலும் பிறகு தரவுத்தளமும் அதன்பின் மற்றவையும் எழுமாறும் வரிசை குறித்து வைக்க வேண்டும். வீட்டு ரௌட்டரையே மெய்நிகர் கணினியாக்குவோர், பொறியைப் பழுதுபார்க்க நிறுத்தும்போது வீட்டில் இணையமே இராது என்பதையும், வீட்டாரின் முகம் எவ்வாறிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருளையும் அதே பொறிக்குள் வைத்திருப்போர், தாய்ப்பொறியின் கடவுச்சொல்லையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்கு வெளியே அலமாரியில் வைத்தல் வேண்டும்.